ஒரு மடிதாளுக்கு ஒன்பது புள்ளி

சென்ற தவணையில், தரம் 10இல் பயிலும் மாணவி ஒருத்தியின் எழுத்தாக்கத்துக்கு நாம் 25க்கு 9 புள்ளி வழங்கினோம். சிவப்பு மையினால் அதன் கீழே, "கட்டுரை எழுதும்படியே கேட்கப்பட்டது, படம் வரையும்படி அன்று" என்றும் குறித்தோம். அதே வகுப்பைச் சேர்ந்த வேறொரு மாணவன் 21 புள்ளி பெற்றான். இன்று அவ்விரு ஆக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் வெட்கமே மேலிடுகின்றது. அந்த வெட்கத்தை எமக்குள் அடக்கிக் கொள்வது எளிது. ஆயினும், நாம் செய்த தவறு எமது தனிப்பட்ட தவறன்று. தமிழ்ப்பாடம் என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக நாம் கட்டிக் காத்து வரும் ஒரு மனப்பான்மையின் விளைவு அது. எனவேதான் அதனைப் பொதுவில் வைத்து விவாதிக்கத் துணிகிறோம்.

கொடுக்கப்பட்ட தலைப்பு 'சேமிப்பின் அவசியம்' என்பது. 21 புள்ளி பெற்ற மாணவன், சிறுதுளி பெருவெள்ளம் என்று தொடங்கி, எறும்பையும் தேனீயையும் உவமை கூறி, வள்ளுவரைத் துணைக்கழைத்து, சேமிப்பே நாட்டின் முதுகெலும்பு என்று முடித்திருந்தான். பிழையற்ற தமிழ், பந்தி பிரிப்பும் சரி. இத்தகைய கட்டுரைகளை நாம் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் திருத்துகிறோம். அவற்றை எழுதியவனும் நம்புவதில்லை, திருத்துபவரும் நம்புவதில்லை, எந்த மனிதனும் அவற்றை வாசித்து ஒரு சதமேனும் சேமித்ததாக வரலாறு இல்லை.

மாணவியின் ஆக்கமோ கட்டுரையாக இருக்கவில்லை. நெடுந்தாள் ஒன்றை இரண்டாக மடித்து, நான்கு பக்கங்களாக்கி, தன் தாயின் சம்பளச் சிட்டையை அதில் அவள் விளக்கியிருந்தாள். தாய் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அவருக்கு மாதந்தோறும் கிடைக்கும் சிட்டை ஆங்கில எழுத்துச் சுருக்கங்களும் எண்களும் நிறைந்த ஓர் ஒடுங்கிய காகிதம். எத்தனை பேர் விழுந்தது, எத்தனை அரைப்பேர், ஊழியர் சேமலாப நிதிக்கு எவ்வளவு, பண்டிகை முற்பணத்துக்கு எவ்வளவு, சங்கச் சந்தா எவ்வளவு என்பதெல்லாம் அதிலே உண்டு. உண்டு என்பது உண்மை. தெரிகிறது என்பது பொய். அச்சிட்டையைப் பெரிதாக வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இலக்கமிட்டு, எதிர்ப்பக்கத்தில் அதே இலக்கங்களின் கீழ் அதன் பொருளை எழுதியிருந்தாள் அந்தச் சிறுமி. கடைசிப் பக்கத்தில் மாதத்தின் நாள்களுக்குரிய கட்டங்கள் மட்டும் வெறுமையாக விடப்பட்டிருந்தன. முழுப்பேர் விழுந்த நாளுக்குக் கட்டம் முழுவதையும், அரைப்பேருக்குப் பாதியையும் கரியினாலோ பென்சிலினாலோ நிரப்புக என்பது குறிப்பு.

சேமிப்பைப் பற்றி எழுதச் சொன்னோம். தன் வீட்டில் சேமிப்பு என்று எது உண்டோ அதனையே அவள் எழுதினாள். தாய் கையால் தொட்டறியாத, ஆனால் மாதந்தோறும் அவர் பெயரில் சேர வேண்டிய அந்தச் சேமலாப நிதியை எழுதினாள். நாமோ அதனைக் கட்டுரை அன்று என்று தள்ளினோம்.

தவணை முடிந்து பெற்றார் கூட்டம் நடைபெற்ற நாளில் அத்தாய் எம்மிடம் வந்தார். கைப்பையிலிருந்து நாலாக மடித்த, ஓரம் கிழிந்த ஒரு போட்டோப் பிரதியை எடுத்துக் காட்டினார். "சேர், இது கிழிஞ்சு போச்சு. மூலத்தாள் ஸ்கூல்ல இருக்குன்னு மக சொன்னா. இன்னும் பத்து அடிச்சுக்கத் தருவீங்களா? லயத்துல எல்லாரும் கேக்கிறாங்க" என்றார். அவ்வேளை மூலத்தாள், எமது சிவப்பு மைக்குறிப்போடு, ஆசிரியர் அறை அலுமாரியில் மற்றைய தாள்களுக்கு அடியில் கிடந்தது.

எமது பதினோராண்டு ஆசிரியப் பணியில், மாணவர் எழுதிய தாளொன்றை ஒருவர் தமது தேவைக்காகக் கேட்டு வந்தது அதுவே முதல் தடவை.

பின்னர் அம்மாணவியை அழைத்து, இத்தாள் எவ்வாறு உருவாயிற்று என்று விசாரித்தோம். அவள் கூறியவற்றை இங்கு சற்று விரிவாகவே பதிவு செய்ய வேண்டும். எழுத்துக் கலை பற்றி நாம் வகுப்பில் கூறியவை அனைத்தையும்விட அதிகமான பாடம் அதனுள் இருக்கின்றது.

முதலில் ஐந்து நிறங்களில் வரைந்தாளாம். சிட்டையின் ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒவ்வொரு நிறத்தில் அம்புக்குறி ஓடி, விளக்கத்தில் முடியும். பார்வைக்கு அழகாகவே இருந்தது. நகரத்துக் கடையில் பிரதியெடுத்த போது எல்லா நிறங்களும் சாம்பலாகிவிட்டன. அம்புகள் ஒன்றோடொன்று சிக்கி எது எங்கே போகிறது என்று புலப்படவில்லை. நிறப்பிரதி எடுக்கக் காசு இல்லை. எனவே அம்புகளை நீக்கி இலக்கங்களை இட்டாள். வறுமை கற்பித்த பாடம் என்று இதனைப் புகழ்வது எமது நோக்கமன்று. வாசகர் கையில் எந்த வடிவத்தில் தாள் சென்று சேருமோ அந்த வடிவத்திலேயே அது பேச வேண்டும் என்பதை அவள் கண்டறிந்தாள் என்பதே கவனிக்கத்தக்கது.

அடுத்து, சேமலாப நிதியின் கணக்கு. தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கப்படுகின்றது. தொழில் வழங்குநர் தம் பங்காக 12 வீதம் செலுத்த வேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவான நிதி அது. 20,000 ரூபாய் சம்பளமாயின் தொழிலாளியிடமிருந்து 1,600 ரூபாயும், தோட்டத்திடமிருந்து 2,400 ரூபாயும் சேர வேண்டும். இதனைக் காட்டுவதற்கு அவள் முதலில் ஒரு சிறிய பையும் ஒரு பெரிய பையும் வரைந்தாள். எழுத்தறியாத தன் அம்மாயியிடம் அதனைக் காட்டினாள். கிழவி உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம் புள்ள, இந்தப் பெரிய பை தொரைக்குப் போறதா?" என்று கேட்டாராம்.

அறுபது ஆண்டு அனுபவம் அவ்வாறுதான் வாசித்தது. பெரிய பை எங்கு காணப்பட்டாலும் அது துரைக்கே உரியது என்பது அக்கிழவியின் வாழ்வு கற்பித்த இலக்கணம். வரைந்தவளின் கருத்து ஒன்று. வாசித்தவரின் கருத்து அதற்கு நேர்மாறு. சிறுமி பைகளை அழித்தாள். அவற்றுக்குப் பதிலாக, ஒன்று 400 ரூபாய் என்று வைத்து, ஒரே அளவான காசு வட்டங்களை வரைந்தாள். தாயின் பெயரால் நான்கு. தோட்டத்தின் பெயரால் ஆறு. பத்தும் ஒரே பாத்திரத்தில் விழுகின்றன. பாத்திரத்தின் மேல் தாயின் பெயர். இம்முறை அம்மாயி விரல் வைத்து எண்ணினாராம். எண்ணி முடித்து, "அப்ப அந்த ஆறு நெசமாவே போடுறாங்களான்னு யாரு பாக்கிறது?" என்று கேட்டாராம்.

வாசகரை இத்தகைய வினா எழுப்பச் செய்வதே உயர்ந்த எழுத்தின் இலக்கணம் என்று நாம் மேடைகளில் முழங்குவதில்லையா?

இச்சிறுமி அறிந்திராத செய்தியொன்று உண்டு. வியன்னா நகரில் 1925ஆம் ஆண்டு சமூக, பொருளாதார அருங்காட்சியகமொன்றை நிறுவிய ஒட்டோ நொய்ராத் என்னும் அறிஞர், தொழிலாளருக்குப் புள்ளிவிவரங்களை உணர்த்தும் படமொழி ஒன்றை வகுத்தார். அதன் அடிப்படை விதிகளுள் முதன்மையானது இது: தொகை பெருகும்போது படத்தைப் பெரிதாக்காதே, ஒரே அளவான படத்தை மீண்டும் மீண்டும் அடுக்கு. பெரிய படம் கண்ணை ஏமாற்றும். அடுக்கிய படத்தை எண்ணலாம். கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற ஓவியர் குறிகளை வரைந்தார். மேரி ரைடமைஸ்டர் என்ற பெண்மணி, நிபுணரின் அட்டவணைக்கும் ஓவியரின் தூரிகைக்கும் இடையில் நின்று, எதை வைப்பது எதை விடுவது என்று தீர்மானிக்கும் பணியைச் செய்தார். சமூக ஜனநாயகவாதிகளை நசுக்கிய 1934ஆம் ஆண்டு அடக்குமுறையோடு நொய்ராத் ஒஸ்திரியாவை விட்டு ஹேக் நகருக்குச் செல்ல நேர்ந்தது. பின்னாளில் ஐசோடைப் என்று பெயர் பெற்ற அம்முறையின் முதல்விதியை, ஒரு லயத்து அறையில், ஒரு கிழவியின் வினாவிலிருந்து எமது மாணவி தானாகவே கண்டுகொண்டாள். அதற்கு நாம் அளித்த பரிசு 9 புள்ளி.

இன்னுமோர் எடுத்துக்காட்டு. 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்வு பற்றிய ஏறக்குறைய 60 வண்ண வரைபடங்கள் வைக்கப்பட்டன. அடிமை முறை ஒழிந்து 35 ஆண்டுகளில் அம்மக்கள் பெற்ற நிலமும் கல்வியும் தொழிலும் அவற்றில் கோடுகளாகவும் சுருள்களாகவும் காட்டப்பட்டன. அவற்றை உருவாக்கியவர் டபிள்யூ. ஈ. பி. டுபோய்ஸ், கையால் வரைந்து நிறம் தீட்டியவர்கள் அற்லாண்டாப் பல்கலைக்கழகத்தில் அவருடன் பணிபுரிந்த மாணவர்கள். தம் இனத்தை இழிவாகக் கருதிய உலகின் முன் அவ்விளைஞர்கள் வைத்த வழக்கு அது. அதனைச் சித்திரப் பாடம் என்று எவரேனும் ஒதுக்குவாராயின், அவர் சித்திரத்தையும் அறியார், வழக்கையும் அறியார்.

இனி, எமது சக ஆசிரியர்கள் எழுப்பும் மறுப்புகளுக்கு வருவோம்.

படம் எழுத்தறியாதோருக்கும் குழந்தைகளுக்கும் உரியது. அதனை இடைநிலை வகுப்பில் அனுமதித்தால் மொழி சீரழியும் என்பது முதல் மறுப்பு. இக்குரல் எமக்குப் புதியதன்று. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து எழுத்தாளர்கள் உழைக்கும் மக்களின் பேச்சைத் தம் கதைகளில் கையாண்டபோது, பண்டிதர்கள் சிலர் அதனை 'இழிசனர் வழக்கு' என்று பழித்தனர். மரபுப் போராட்டம் என்று வரலாற்றில் இடம்பெற்ற அவ்விவாதத்தில் எப்பக்கம் வென்றது என்பதை இன்று எவரும் அறிவர். அன்று மக்களின் சொல் இழிந்தது என்றனர்; இன்று மக்கள் வாசிக்கத்தக்க தாளின் அமைப்பு இழிந்தது என்கின்றனர். வேடிக்கை என்னவெனில், அன்றைய பண்டிதரை எள்ளி நகையாடும் நாமே இன்று அவர்தம் ஆசனத்தில் அமர்ந்து சிவப்புப் பேனாவைப் பிடித்திருக்கிறோம்.

மொழி சீரழியுமா என்பதற்கு அம்மாணவியின் தாளே விடை கூறும். சிட்டையைப் பற்றி அவள் முதலில் எழுதிய வாக்கியம், "ஊழியர் சேமலாப நிதிக்காக 8 வீதம் கழிக்கப்படும்" என்பது. அலுவலகத் தமிழ், இலக்கணப் பிழை இல்லை. எவர் கழிப்பது, எங்கிருந்து கழிப்பது, கழித்தது எங்கே போவது என்று தாய் கேட்டாராம். அவ்வாக்கியத்தை ஆறு தடவை திருத்தி, முடிவில் அவள் எழுதியது இது: "உங்கள் சம்பளத்திலிருந்து தோட்டம் 8 வீதம் பிடிக்கிறது. அதையும் தன் பங்கான 12 வீதத்தையும் உங்கள் பெயரில் நிதிக்குக் கட்ட வேண்டும்." செயப்பாட்டு வினையில் ஒளிந்திருந்த எழுவாய் வெளியே வந்துவிட்டது. செய்வினை, செயப்பாட்டு வினை என்று நாம் அட்டவணை போட்டு ஆண்டு முழுவதும் ஓதியும், அவ்வேறுபாட்டின் சமூகப் பொருளை ஒரு மாணவனும் இவ்வாறு உணர்ந்ததில்லை. தாளில் இடம் குறைவு, வாசகர் களைத்தவர், விளக்கொளி மங்கல். இக்கட்டாயங்கள் ஒரு வாக்கியத்தைக் கடைந்து எடுக்கின்றன. வடிவமைப்பு மொழியைப் பலியிடுகின்றது என்போர், அவ்வேலையை ஒருநாளாவது செய்து பார்க்கட்டும்.

இது மேனாட்டுப் புதுமோகம் என்பது இரண்டாவது மறுப்பு. சொல்லும் படமும் ஒலியும் இடவமைப்பும் சேர்ந்தே பொருள் தருகின்றன, எழுத்தறிவுக் கல்வி அவையனைத்தையும் தழுவ வேண்டும் என்ற கோட்பாட்டை, நியூ லண்டன் குழுவினர் என அழைக்கப்படும் பத்து ஆய்வாளர்கள் 1996ஆம் ஆண்டு முன்வைத்தனர் என்பது மெய்யே. ஆனால் செயல் அதனினும் மிகப் பழையது. எழுத்துகளைக் கட்டங்களில் அடைத்துப் பாம்பாகவும் சக்கரமாகவும் அமைக்கும் சித்திரகவியைத் தண்டியலங்காரம் சொல்லணியியலில் வகுத்துரைக்கவில்லையா? ஓலைச்சுவடியில் சொல்லிடைவெளியும் நிறுத்தக்குறியும் இன்றி ஓடிய தமிழை, அச்சுத்தாளில் சந்தி பிரித்து, குறிகள் இட்டு, பந்தி வகுத்துப் பாடசாலைப் பிள்ளை வாசிக்கத்தக்கதாக்கிய ஆறுமுக நாவலர் (1822-1879) செய்தது வேறென்ன?

ஆயினும் இவ்விரண்டும் ஒன்றல்ல. சித்திரகவி புலவனின் வித்தையைக் காட்டுவது. அறிந்தோர் சிலர் கண்டு வியப்பதற்கு உரியது. நாவலர் இட்ட காற்புள்ளி எவருடைய வித்தையையும் காட்டவில்லை. வாசிப்பவன் எங்கே மூச்சு விட வேண்டும் என்று மட்டும் கூறிற்று. சமூக நோக்கில் நாவலரோடு நாம் முரண்படும் இடங்கள் உண்டு. அவர் நிலைநாட்ட முயன்ற சைவ வேளாள ஒழுங்கை நாம் ஏற்பதற்கில்லை. எனினும், வாசகனுக்காகத் தாளை ஒழுங்கு செய்தவர் என்ற வகையில் அவர் வழி எமக்கு உரியது. எமது மாணவி நின்றது அவ்வழியில்.

மூன்றாவது மறுப்பு நவீனரிடமிருந்து வருகின்றது. இவையெல்லாம் கணினிப் பாடத்தில் வந்துவிட்டன, மாணவர் அழகழகாகத் திரைக்காட்சிகள் தயாரிக்கின்றனர் என்பர். வசதியுள்ள பாடசாலைகளின் அவ்வாக்கங்களை நாம் கண்டிருக்கிறோம். யாரோ எங்கோ ஆக்கி வைத்த வார்ப்பில் சொற்களைக் கொட்டுகின்றனர். எழுத்துகள் சுழன்று வருகின்றன. பின்னணியில் பூக்கள் மலர்கின்றன. யார் வாசிப்பது, வாசித்து என்ன செய்வது என்ற வினா அங்கே எழுவதே இல்லை. 21 புள்ளிக் கட்டுரைக்குப் பட்டாடை உடுத்தியது போன்றது அது. கருவியை நாம் வெறுக்கவில்லை; மாணவி கையில் கணினி இருந்திருப்பின் அதனையும் நன்கு பயன்படுத்தியிருப்பாள். கணினி இல்லாத இடத்தில் நிகழ்ந்த கல்வி, கணினி இருந்த இடத்தில் நிகழவில்லை என்பதையே சுட்டுகிறோம்.

இவ்வளவு கூறியும், ஒரு துண்டுத்தாளைப் பற்றி இத்தனை ஆரவாரம் ஏன் என்று கேட்போர் இருக்கலாம். அவர்கள் மலையக மக்களின் வரலாற்றைச் சற்றே நினைவுகூர வேண்டும். அம்மக்களின் தலைவிதி காகிதத்தில் எழுதப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், குடியுரிமை வேண்டுவோர் விண்ணப்பம் செய்து, மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இங்கு வாழ்ந்தமையைச் சான்றுகளால் மெய்ப்பிக்குமாறு கோரிற்று. தேயிலைத் தூருக்கு அடியில் தலைமுறைகளைப் புதைத்தவர்களிடம் காகிதச் சான்று கேட்டனர். விண்ணப்பங்களின் பெரும்பகுதி நிராகரிக்கப்பட்டது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எஞ்சியோரை இரு நாடுகளுக்கிடையே பங்கு பிரித்தது. நாடற்றோர் நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீடித்தது. படிவம் என்பது அம்மக்களுக்கு வெறும் படிவமன்று. அதனை வாசிக்கத் தெரிந்தவனும் நிரப்பத் தெரிந்தவனும் அவர்கள் வாழ்வை ஆண்டான்.

மொழியுரிமை இதற்குத் தீர்வாகும் என்று நம்பினோம். 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து நின்றோம். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தகவலறியும் உரிமையைத் தந்தது. இவை போராடிப் பெற்றவை, குறைத்து மதிப்பிடத்தக்கவையல்ல. எனினும், தமிழில் இருந்தும் தமிழருக்கு விளங்காத தாள்கள் எத்தனை! ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்த வாக்கியங்கள், பொடி எழுத்துகள், எழுத இடமில்லாத கட்டங்கள், முக்கியமான நிபந்தனை கடைசி மூலையில். சட்டம் மொழியைத் தந்தது. தாள் அதனைப் பறித்துக் கொண்டது.

மறுபுறத்தில், தாளை வடிவமைக்கும் கலையை நன்கறிந்தவர் யார் என்று பாருங்கள். பஸ் நிலையத்தில் பெண்கள் கையில் திணிக்கப்படும் நுண்கடன் துண்டுப்பிரசுரத்தைப் பாருங்கள். சிரிக்கும் குடும்பத்தின் படம். 'உடனடிக் கடன்' என்று விரலளவு எழுத்து. வட்டி வீதமோ எறும்பு ஊர்வது போல் அடியில். எதைப் பெரிதாக்குவது, எதைச் சிறிதாக்குவது, கண் எங்கே முதலில் விழும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கடன் கொடுப்பவன் இக்கலையைக் கற்றிருக்கிறான். கடன் வாங்குபவளின் மகளுக்கு இதனைக் கற்பிக்கத் தமிழ்ப்பாடம் மறுக்கின்றது. எழுத்தின் தூய்மையைக் காப்பதாக எண்ணிக்கொண்டு, எழுத்தின் ஆயுதத்தை எதிரியிடமே விட்டு வைத்திருக்கிறோம்.

முற்போக்காளராகிய எம்மீதும் இக்குற்றம் சாரும். தொழிலாளரின் விடுதலை பற்றி நாம் எழுதும் கட்டுரைகளை எந்தத் தொழிலாளி வாசிக்கிறார்? இடைவெளியற்ற பத்திகளில், கடினமான கலைச்சொற்களில், எமக்குள் நாமே வாதிட்டுக் கொள்கிறோம். இக்கட்டுரையும் அதற்கு விலக்கன்று. கோட்பாட்டு விவாதத்துக்கு இத்தகைய பக்கங்கள் வேண்டியவையே. ஆனால் இவற்றோடு நின்றுவிட்டு மக்கள் இலக்கியம் படைத்ததாக மார்தட்டுவது தகாது. லயத்துப் பெண்கள் தாமே தேடிப் பிரதியெடுத்த ஒரு தாளை எமது முகாமிலிருந்து அண்மையில் எவர் ஆக்கினார்?

அத்தாளின் பயன் என்ன என்பதையும் மிகைப்படுத்தாது கூறிவிடுகிறோம். கடைசிப் பக்கத்துக் கட்டங்களை அந்த லயத்துப் பெண்கள் சிலர் ஒரு மாதம் நிரப்பினர். மாதமுடிவில் சிட்டையோடு ஒப்பிட்டபோது, இருவரின் கணக்கில் ஒவ்வொரு முழுப்பேர் அரைப்பேராகக் காணப்பட்டது. தாளையும் சிட்டையையும் எடுத்துக்கொண்டு அவர்கள் தோட்ட அலுவலகத்துக்குச் சென்றனர். ஒன்று செக்றோலைப் பார்த்துத் திருத்தப்பட்டது. மற்றொன்று இன்னும் தீரவில்லை. அன்று பறித்த கொழுந்தின் நிறை போதாது என்பது அலுவலகத்தின் வாதம், போதும் என்பது அப்பெண்ணின் வாதம். புரட்சி எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. முன்பு சிட்டையை மடித்து அரிசிப் பானைக்குள் போட்டவர்கள் இப்போது அதனை விரித்து வைத்து எண்ணுகிறார்கள்; அவ்வளவே. எமது தமிழ்ப்பாடம் இதுகாறும் எந்த லயத்திலும் அவ்வளவைக்கூடச் சாதித்ததில்லை.

ஆதலால் நாம் கோருவன சில. தமிழ்ப்பாடத்தில் ஒவ்வொரு தவணையும் ஓர் ஆக்கமேனும், குறிப்பிட்ட ஒரு வாசகரின் குறிப்பிட்ட ஒரு தேவைக்காக ஆக்கப்படுதல் வேண்டும். மருந்துறையில் உள்ள குறிப்பாயினும் சரி, பிரதேச செயலகப் படிவமாயினும் சரி, டெங்கு அறிவித்தலாயினும் சரி, மாணவனின் வீட்டுக்கு வந்து சேரும் தாளே பாடநூலாகட்டும். சொல், படம், எண், இடைவெளி எதனையும் மாணவன் கையாளலாம். ஒவ்வொன்றையும் ஏன் அவ்விடத்தில் வைத்தான் என்று சொல்ல வல்லவனாயிருத்தல் வேண்டும். ஆசிரியரிடம் வருமுன் அத்தாள் உரிய வாசகரிடம் செல்லட்டும். அவர் எங்கே தடுமாறினார், எதைப் பிழையாக விளங்கினார், பின்னர் எது மாற்றப்பட்டது என்பதும் ஆக்கத்தின் பகுதியாகக் கணிக்கப்படட்டும். அந்த அம்மாயியின் வினா இல்லையேல் பைகள் காசுகளாகியிரா. மாணவியின் திறமையோடு கிழவியின் அறிவையும் மதிப்பிடக் கற்க வேண்டியவர்களாயிருக்கிறோம்.

இதற்குத் தமிழாசிரியர் மட்டும் போதார். சித்திர ஆசிரியரும் கணித ஆசிரியரும் ஒரே மேசையில் அமர வேண்டும். பாடவேளை என்ற வேலிக்குள் அடைபட்ட எமக்கு இது கடினமே. ஆனால் அச்சம்பளச் சிட்டையில் தமிழும் கணிதமும் சித்திரமும் தனித்தனி வேலிக்குள் இருக்கவில்லை. வாழ்க்கையில் எங்கும் அவ்வாறு இருப்பதில்லை. பரீட்சை இதற்கு இடம் தராது என்போருக்கு ஒன்று கூறுவோம். பொதுப் பரீட்சையின் வினாத்தாள் எம் கையில் இல்லை. தவணைக் கணிப்பீடு எம் கையில் இருக்கின்றது. எம் கையில் இருப்பதையே மாற்றாத நாம், கையில் இல்லாததைக் காரணம் காட்டும் தகுதியை எவ்விதம் பெற்றோம்?

அம்மாணவிக்கு நாம் இட்ட 9 புள்ளி பதிவேட்டில் ஏறிவிட்டது. தவணை முடிந்தபின் அதனைத் திருத்த முடியாது என்று அலுவலகத்தில் கூறிவிட்டனர். மூலத்தாளை அலுமாரியிலிருந்து எடுத்து, எமது சிவப்பு மைக்குறிப்பின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, தாய் கேட்ட பத்துப் பிரதிகளை எடுத்துக் கொடுத்தோம். வெள்ளைத்தாளை மீறியும் அக்குறிப்பின் நிழல் எல்லாப் பிரதிகளிலும் மங்கலாக விழுந்திருக்கின்றது. வரும் தவணைக்குரிய வினாத்தாளை இவ்வாரம் தயாரிக்க வேண்டும். 'சேமிப்பின் அவசியம்' போன்ற தலைப்பு எதுவும் அதில் இடம்பெறாது.